மாட்டுத்தாவணியிலிருந்து 25 கி.மீ.க்குள் ஒரு மலைச் சுற்று: அரிட்டாபட்டியில் நடக்கலாம்… ஆனால் அந்த மலைக்கு யார் காவல்?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்று, கட்டடங்களுக்கு நடுவே வடகிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஒரு யானை படுத்திருக்கும். யானைமலை. மதுரைக்காரர்களுக்கு அது ஒரு திசைகாட்டி. வெளியூர் போய்த் திரும்பும்போது அது கண்ணில் பட்டால்தான் ஊர் வந்துவிட்டது என்று மனசு ஒத்துக்கொள்ளும். (தாவணி என்றதும் பாவாடை தாவணி ஞாபகம் வருபவர்களுக்கு: மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறுக்கும் அதே பெயர்தான். மாட்டுச் சந்தை நடந்த இடம், மாட்டுத்தாவணி.)

லாங் வீக்கெண்ட் வந்தால் இதே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஐ.டி. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கொடைக்கானல், மேகமலை, மூணாறு. போக ஒரு பாதி நாள், வர ஒரு பாதி நாள், நடுவில் வத்தலக்குண்டு தாண்டியதும் டிராஃபிக். மலையில் நடந்த நேரத்தைக் கணக்குப் போட்டால் நாற்பது நிமிஷம்கூடத் தேறாது.

வேல்ஸ் நாட்டுக்காரர்கள் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய சிகரம் எல்லாம் வேண்டாம். பக்கத்தில் உள்ள ஒரு சின்ன மலை, அதைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டரில் ஒரு வட்டப் பாதை. ஒரு வழியில் ஏறி, சுற்றிலும் பார்த்துவிட்டு, வேறு வழியில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில். அவ்வளவுதான். அதே மாதிரி ஒரு நடைக்கு மதுரையைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் குறைவு என்றுதான் சொல்வேன். திருப்பரங்குன்றம், நாகமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, யானைமலை, அழகர்மலை என்று ஊரைச் சுற்றி மலைகள்தான். இவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: அரிட்டாபட்டி. காரணம், இன்றைக்கு நீங்கள் அங்கே போய் நடக்க முடிகிறது என்பதே ஒரு சின்ன ஆச்சரியம்.

எப்படிப் போவது, என்ன பார்ப்பது?

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோடு. ஒத்தக்கடை, யானைமலை எல்லாம் இடது பக்கம் கடந்துபோகும். நரசிங்கம்பட்டி பக்கம் இடது கைப்பக்கம் பிரிய வேண்டும். மேலூர் பஸ் அடிக்கடி உண்டு. ஆனால் ஊருக்குள் போகும் பஸ் எண்ணிக்கை குறைவு என்பதால் டூவீலர் நல்லது.

ஊரை நெருங்கும்போதே மலைகள் தெரியும். இங்கே மலை என்றால் காடு மூடிய மலை இல்லை. மொட்டைப் பாறை. கழிஞ்சமலை, நாட்டார் மலை, ராமாயி மலை, தேன்கூட்டு மலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, மொத்தம் ஏழு குன்றுகள். கிரானைட்டுக்குச் சொந்தக்காரப் பாறைதான் இதுவும். பூமிக்கடியில் பெரிய அழுத்தத்தில் இருந்தது. மேலே கிடந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, அழுத்தம் குறைந்த பாறை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியத் தொடங்கியது. அதனால்தான் இந்தக் குன்றுகளுக்குக் கூர்மையான உச்சி கிடையாது, எல்லாம் உருண்டை முதுகு. அடுக்கு உரிந்து விழுந்த இடத்தில் கீழே ஒரு கூரை மாதிரி இடைவெளி உண்டாகும். அந்தக் கூரைதான் இந்த நடையின் முதல் நிறுத்தம்.

கழிஞ்சமலையில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம் இருக்கிறது. பாறையின் நெற்றியில், மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காக நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். காடி என்பார்கள். நம் வீட்டு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு போடுகிறோமே, அதே வேலை. அந்த இடத்தில்தான் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துகள் இருக்கின்றன. இரண்டு கல்வெட்டுகள். ஒன்று நெல்வேலிக்காரரான செழியன் ஒருவர் இந்த முழையைக் கொடுத்ததாகச் சொல்கிறது. முழை என்றால் குகை. இன்னொன்று, 2003-ல் அடையாளம் காணப்பட்டது, இலஞ்சியைச் சேர்ந்த வேள் ஒருவரின் மகன் கொடுத்ததாகச் சொல்கிறது. நெல்வேலி என்பது இன்றைய திருநெல்வேலி, இலஞ்சி குற்றாலத்துக்குப் பக்கம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. யோசிச்சுப் பாருங்க, பஸ்ஸும் இல்லாத காலத்தில் தென்கோடியிலிருந்து ரெண்டு பேர், தனித்தனியாக, மதுரைப் பக்கம் ஒரு பாறைக்குச் செலவு செய்திருக்கிறார்கள். வணிகப் பாதையும் துறவிகள் நடந்த பாதையும் ஒன்றாகத்தான் ஓடியிருக்க வேண்டும்.

பக்கத்திலேயே பாறையில் உட்கார்ந்த கோலத்தில் ஒரு தீர்த்தங்கரர். இது பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தது. கீழே வட்டெழுத்தில், அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. மலையின் பெயர் திருப்பிணையன் மலை என்றும் இருக்கிறது. அதோடு முடியவில்லை. இதற்குப் பாதிரிக்குடி ஊரார் காவல் என்றும் பொறித்திருக்கிறார்கள். சிலையைச் செய்தவர் பெயர் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள வேண்டியது யார் என்பதும் கல்லில் ஏற வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மலையின் இன்னொரு சரிவில் அடுத்த நிறுத்தம். பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில். ஊர்க்காரர்களுக்கு அது இடைச்சி மண்டபம். வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கையில் தடியோடு லகுலீசர். லகுலீசர் என்பவர் குஜராத் பக்கத்தில் தோன்றிய பாசுபத சைவத்தின் குரு. தமிழ்நாட்டில் இந்த உருவம் மிக அரிது. ஒரே குன்றில் ஒரு பக்கம் சமணம், ஒரு பக்கம் வடக்கே இருந்து வந்த சைவம், கீழே ஊர்த் தெய்வங்கள். இதில் எது யாருடையது என்று சண்டை போடாமல் ஊர் பக்கத்திலேயே உழுதுகொண்டிருக்கிறது.

உயரத்தில் ஏறி நின்றால்தான் இந்த ஊரின் இன்ஜினீயரிங் புரியும். மொட்டைப் பாறையில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை, அப்படியே வழிந்து ஓடும். அந்த வழியில்தான் கண்மாய்கள். ஆனைகொண்டான் கண்மாய் அதில் ஒன்று. பாறை இடுக்கில் தங்குகிற தண்ணீர் சுனையாகக் கசியும். அரசு அறிவிப்பின் கணக்குப்படி இந்தப் பகுதியில் 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள். அதாவது மலை என்பது இந்த ஊருக்கு மொட்டை மாடி மாதிரி, கண்மாய் அதன் கீழே வைத்த தொட்டி. மாடியை உடைத்துவிட்டுத் தொட்டியை மட்டும் பாதுகாக்க முடியாது.

தண்ணீர் இருந்தால் மீன், தவளை, பூச்சி. அவை இருந்தால் பறவை. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் வேட்டைப் பறவைகள்தான் ஸ்பெஷல்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் பட்டியலில் உண்டு. பகலில் தேவாங்கு பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது ராத்திரி ஷிஃப்ட்.

சரி, இதில் டங்ஸ்டன் எங்கே வந்தது?

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு கிராமங்களில் சேர்த்து 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல். (நாட்டில் முதல், பெங்களூருவுக்குப் பக்கத்தில் உள்ள நல்லூர் புளியந்தோப்பு, 2007-ல்.) 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 37-வது பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு இப்படி அறிவிக்க மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது.

சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்க அமைச்சகத்தின் ஏல முடிவு ஒன்று வெளியானது. ‘நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்’. ஏலத்தில் முன்னணிக்கு வந்தது வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க். பரப்பு 2,015.51 ஹெக்டேர். வரைபடத்தில் வைத்துப் பார்த்த மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாரம்பரியத் தலத்தின் நிலமும் அதற்குள்தான் இருந்தது.

டங்ஸ்டன் ஏன் இவ்வளவு முக்கியம்? உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். உலோகங்களில் இதைவிட அதிகம் எதற்கும் இல்லை. பழைய குண்டு பல்பின் இழை, பாறை துளைக்கும் டிரில் பிட், ராணுவத் தளவாடம் என்று எல்லாவற்றிலும் தேவைப்படுகிறது. உலக உற்பத்தியில் ஐந்தில் நாலு பங்கு சீனாவிடம். அதனால்தான் 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது. அதே வருஷம் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, இப்படிப்பட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும் என்றானது. நாட்டுக்கு டங்ஸ்டன் தேவையில்லை என்று யாரும் வாதாடவில்லை. எங்கிருந்து எடுப்பது, அதை யாரைக் கேட்டு முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்த்தது. மாநிலம் முன்பே சொன்னதா இல்லையா, யார் எப்போது கடிதம் எழுதினார்கள் என்ற சண்டை தனியாக ஓடியது. அது நமக்கு இங்கே வேண்டாம்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது டிசம்பர் 24-ல் நடந்தது. மத்திய அமைச்சகம் ஒரு சமரசம் சொன்னது: பாரம்பரியத் தலமான பகுதியை விட்டுவிட்டு, பிளாக்கின் எல்லையை மறுபடி வரையுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் கேட்டிருக்கிறோம் என்றது. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து மேப்பைப் பார்க்கும் ஒருவருக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். பாதுகாக்கப்பட்ட பகுதி பத்திரம், மற்றதில் சுரங்கம். ஆனால் 2,015-ல் 193 என்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் ஒன்பது பங்கில்தான் வயல்கள், வீடுகள், கோயில்கள், மலைத் தண்ணீர் வந்து சேரும் கண்மாய்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் ‘முழுசா ரத்து பண்ணுங்க, பாதி எல்லாம் வேண்டாம்’ என்றார்கள்.

2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் ஆபீஸ் நோக்கிக் கிளம்பினார்கள். வயசான பாட்டிகள், கைக்குழந்தையோடு அம்மாக்கள், கல்லூரிப் பிள்ளைகள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் போகப்போகிற அதே மேலூர் ரோடு, எதிர்த் திசையில். ஜனவரி 22-ல் ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள், 23-ஆம் தேதி, ஏலம் முழுவதுமாக ரத்து என அறிவிப்பு வந்தது.

‘பாதுகாக்கப்பட்ட இடம்’ என்று போர்டு இருந்தால் போதாதா?

போதாது. மதுரைக்கு இந்தப் பாடம் பழசு. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால், அதைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பகுதி. சட்டத்தின் கண் அவ்வளவு தூரம்தான் பார்க்கும். மேலூருக்கு அந்தப் பக்கம் கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குப் போனவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். கல்வெட்டும் சமணச் சிற்பங்களும் இருக்கும் குன்று நிற்கிறது. பக்கத்தில் கிரானைட் வெட்டியெடுத்த பள்ளங்கள், கத்தியால் அறுத்த மாதிரியான பாறைச் சுவர்கள், ஓரத்தில் அடுக்கிய கற்கள். 2012 மே மாதம் அப்போதைய மதுரை கலெக்டர் உ.சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, மாவட்டத்தில் கிரானைட் முறைகேட்டால் ஏற்பட்ட இழப்பை 16,338 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ரூபாயில் எழுத முடிந்த இழப்பு அது. காணாமல் போன குன்றுக்கு விலை யார் போடுவது?

யானைமலைக்கும் ஒரு தடவை வேளை வந்தது. அதைச் சிற்ப நகரமாக்கும் யோசனை ஒன்று 2009-10 வாக்கில் எழுந்தபோது ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் கூடி எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் ‘பசுமை நடை’யைத் தொடங்கினார். 2010-லிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை மலைகளுக்குக் கூட்டிப்போய், கல்வெட்டை வாசித்துக் காட்டி, கீழே இறங்கி ஒன்றாகச் சாப்பிட்டுக் கலைவது. போராட்டம் மாதிரியே தெரியாது. ஆனால் ஒரு மலையை ஆயிரம் பேர் நடந்து பார்த்திருந்தால், அதை ஒரே ராத்திரியில் இல்லாமல் ஆக்குவது கொஞ்சம் கஷ்டம்தான்.

வேல்ஸில் இந்தக் கதை எப்படி? அங்கே நடைபாதைக்கே சட்டத்தில் இடம் உண்டு. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பொதுப் பாதைகளின் வரைபடம் வைத்திருக்க வேண்டும். அதில் ஏறிய பாதை தனியார் பண்ணை வழியாகப் போனாலும் பண்ணைக்காரர் மறிக்க முடியாது. மஞ்சள் அம்புக்குறி நடப்பவருக்கு, நீலம் குதிரையில் வருபவருக்கும் சேர்த்து. 2000-ல் வந்த இன்னொரு சட்டம், வரைபடத்தில் குறித்த திறந்தவெளி மலைகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்றது. இதெல்லாம் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததும் இல்லை. 1932-ல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள், சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். அந்த உரிமைக் கோரிக்கைக்கு வேகம் கொடுத்த சம்பவங்களில் அது ஒன்று.

நமக்கு மலைப் பாதைக்கு அப்படி ஒரு வரைபடம் கிடையாது. அரிட்டாபட்டியில் நீங்கள் கண்மாய்க் கரையில் நடப்பது, பாறையில் ஏறுவது, வயல் வரப்பு வழியாக இறங்கித் திரும்புவது எல்லாம் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லாத உரிமை. கல்வெட்டு தொல்லியல் துறையிடம், பல்லுயிர்த் தலம் மாநில அரசின் அறிவிப்பில், கனிமம் டெல்லியின் பட்டியலில். கண்மாய், வயல், வரப்பு தனித்தனியாக வேறு வேறு கணக்குகளில். இவை எல்லாம் ஒரே மலை என்று தெரிந்தவர்கள் அதைச் சுற்றி வாழ்கிறவர்களும் நடக்கிறவர்களும் மட்டும்தான். அச்சணந்தியின் ஆட்கள் அன்றைக்கே ‘ஊரார் காவல்’ என்று எழுதி வைத்ததன் நடைமுறை அர்த்தம் இதுதான் என்று தோன்றுகிறது. பட்டியலில் அடுத்து சேர்ந்த திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில்காடும், 2025-ல், ஊர் மக்கள் தெய்வத்தின் பேரால் காலம்காலமாக வெட்டாமல் வைத்திருந்த காடுதான்.

கிளம்புவதற்கு முன்

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். பங்குனி, சித்திரையில் பாறை எட்டு மணிக்கே தோசைக்கல் ஆகிவிடும், வேண்டாம். விடிவதற்குள் மாட்டுத்தாவணியைத் தாண்டிவிட்டால் வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று முடியும். ஈரப் பாறையில் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள ஷூ போதும், டிரெக்கிங் கம்பு எல்லாம் ஓவர்.

வழி தெரியாவிட்டால் கூகுள் மேப்பைவிட ஊர் டீக்கடை நம்பகமானது. ‘அண்ணே, இடைச்சி மண்டபத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?’ என்று கேட்டால் வழியோடு சேர்த்து, ஜனவரி 7-ஆம் தேதி அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்ற கதையும் கிடைக்கும். கல்வெட்டின் மேல் தண்ணீர் ஊற்றியோ சாக்பீஸ் பூசியோ படம் எடுக்க வேண்டாம், காலை இளவெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாகவே தெரியும். வல்லூறு கூட்டுக்குப் பக்கத்தில் டிரோன் விடுவதும் வேண்டாம். கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சுனைத் தண்ணீரை ஆடு மாடுகள் குடிக்கின்றன. வயலில் நடவு முடிந்திருந்தால் வரப்பில் ஒற்றை வரிசையில் போங்கள், யாராவது சத்தம் போட்டால் கோபப்படாமல் சுற்றிப் போங்கள்.